ஜம்புலிங்கத்துக்கு அரித்த முதுகு

1957-ஆம் வருஷம் தை மாதம், போர்ட் பிளேர் டெலானிபூரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஜம்புலிங்கம் என்ற ஸ்டோர் கிளார்க்குக்கு முதுகு அரிக்க ஆரம்பித்தது. அது அவருடைய முதுகு இல்லை. இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. அதுவரை ஊரில் எல்லாரையும் போல அவரும் மணல்பூச்சியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அந்தமானில் உடம்பு அரித்தால் முதல் பழி மணல்பூச்சிக்கு, அடுத்தது தண்ணீருக்கு, அதுவும் இல்லையென்றால் படாக் மரத்தூளுக்கு. மூன்றுக்கும் உரிய வைத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. ஜம்புலிங்கம் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தடவினார், கந்தக சோப்புப் போட்டுக் குளித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் கடலில் போய்க் கழுத்தளவு நின்றார். முதுகில் ஒரு பொரி கிடையாது, ஒரு தடிப்பு கிடையாது, குழந்தை முதுகு மாதிரி இருந்தது. அரிப்பு மட்டும் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பிராண்டினாலும் அரிக்கிற இடத்தில் நகம் படவில்லை. பூட்ஸுக்கு மேலே காலைச் சொறிகிற கதைதான்.

அந்த முதுகு வேறு ஒருவருடையது என்பதற்கு அத்தாட்சிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அரிக்கும் இடத்தில் மட்டும் சுள்ளென்று வெயில் அடித்தது. ஒரு நாள் பின்னல் ஒன்று வந்து இடமும் வலமுமாகத் தட்டிவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமைக் காலைகளில் ஈரக் கூந்தல் அப்படியே முழுசாக வந்து படிந்தது. அரை மணி நேரம் அரிப்பு வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆக, அது ஒரு பெண். வெயிலில் வேலை செய்கிற, பின்னல் போடுகிற, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிற பெண். ஜம்புலிங்கத்துக்கு அப்போது இருபத்து நாலு வயது. மன்னார்குடியில் ஓர் அக்காவைத் தவிர அவருக்கு யாரும் இல்லை. தனக்கு ஒரு பெண்ணின் முதுகு அரிக்கிறது என்று தெரிந்ததும் அவர் பயப்பட்டிருக்க வேண்டும், மாறாகச் சந்தோஷப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தி, யாரோ பக்கத்தில் வந்து உட்காரப் போவதுபோல வேட்டியைச் சரிசெய்துகொண்டு காத்திருப்பார்.

ஆனால் கைக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. அது தன் பாட்டுக்கு முதுகுக்குப் போனது. மேலதிகாரியாக இருந்த பஞ்சாபிக்காரர் ஃபைலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜம்புலிங்கத்தின் வலது கை காலர் வழியாக இறங்கிவிடும். "ஹாத் நீச்சே, பாபு" என்பார் அவர். கை கீழே இறங்கும். அவர் தலை திரும்பியதும் மறுபடி ஏறும். தான் சொறிகிறோம் என்பதே ஜம்புலிங்கத்துக்குத் தெரியாது, அடுத்த மேஜைக்காரர் சொல்லித்தான் தெரியும். மர அடிஸ்கேல், கதவு நிலை, ஸ்டோரில் அடுக்கியிருந்த தகர டின்களின் விளிம்பு எல்லாவற்றிலும் அவர் முதுகு தேய்ந்தது. தூக்கத்தில் இன்னும் மோசம். குவார்ட்டர்ஸ் சுவர்கள் பலகைச் சுவர்கள். பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பம் எலித் தொல்லை என்று நினைத்துப் பொறி வைத்தது. கைகளில் காலுறையை மாட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்தார், விடிவதற்குள் காலுறை எங்கோ கிடக்கும், படுக்கை விரிப்பில் ரத்தம் இருக்கும். இரண்டு வருஷத்தில், குழந்தை முதுகு மாதிரி இருந்தது மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. அடுத்தவர் அரிப்புக்குத் தன் முதுகைக் கொடுத்தவர் எங்கள் தீவுகளில் அவர் ஒருவர்தான்.

அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாகுல் ஹமீது அவருக்கு ஒரே நண்பர். மாயாபந்தரிலும் ஒரு சின்னக் கிளை வைத்திருந்ததால் மாதம் ஒருமுறை துணி மூட்டைகளோடு வடக்கே படகேறிப் போய் வருவார். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஆச்சரியப்படவில்லை. "ஓய் ஜம்பு, இதுல என்ன யோசனை? முதுகு மெயின்லேண்ட்ல இருக்கும்யா. இங்க இல்லாத சாமான் எல்லாம் எங்க இருக்கு? அங்கதானே. லீவு எடுத்துப் போம்" என்றார். இது சாகுல் ஹமீதின் புத்தி மட்டும் இல்லை, அந்தக் காலத்து போர்ட் பிளேரின் புத்தியே அதுதான். வெங்காயம், வெற்றிலை, சினிமாப் பெட்டி, மணப்பெண், மாத்திரை எதுவானாலும் கப்பலில்தான் வரும். கப்பல் வராவிட்டால் அந்தப் பொருள் உலகத்திலேயே இல்லை என்று அர்த்தம். கைக்கெட்டுகிற தூரத்தில் ஒன்று கிடைக்கக்கூடும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. ஜம்புலிங்கத்துக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவில் அவர் கப்பலேறினார். சாத்தம் ஜெட்டியை விட்டுக் கிளம்பிய மறுநாளே அரிப்பு மட்டுப்பட்டது. மூன்றாம் நாள் நடுக்கடலில் எறும்பு ஊர்வதுபோல ஆனது. மதராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது, இருக்கிறதா இல்லையா என்று நின்று கவனித்தால்தான் தெரிந்தது. பக்கத்தில் வந்துவிட்டோம், அதனால்தான் முதுகு சமாதானமாகிவிட்டது என்று ஜம்புலிங்கம் நினைத்தார். கப்பலில் உடன் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், மெயின்லேண்ட் தண்ணீர் பட்டால் யாருக்கும் தோல் வியாதி போய்விடும் என்பது மலிவு டிக்கெட்டான பங்க் கிளாஸில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. லீவு முடிந்து திரும்பும்போது, தீவுகள் தெரியத் தெரிய அரிப்பு ஏறியது. ஜெட்டியில் இறங்கும்போது அவரால் நிற்க முடியவில்லை. "பிரிஞ்சு வந்துட்டேன்ல, அதான் அழுவுது" என்று சாகுல் ஹமீதிடம் சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

அந்த லீவுகளில் மன்னார்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் பெண் பார்த்த விதத்தை இன்றும் அங்கே சிலர் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா மங்கையர்க்கரசி கூட வருவாள். பஜ்ஜி, காபி எல்லாம் ஆன பிறகு, பெண்ணின் தலையில் பூ சரியாக இல்லை என்று சொல்லி அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். பூவைத் திருத்துகிற சாக்கில் தோள்பட்டைக்கு நடுவே நாலு விரலால் சொறிவாள். ஜம்புலிங்கம் எதிரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் முதுகில் எதுவும் ஆகாது. கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பெண் வீட்டார் இதைப் பல விதமாக எடுத்துக்கொண்டார்கள். கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு பெண் மட்டும் திரும்பிப் பார்த்து, "எனக்கு அங்க அரிக்கலைங்களே அக்கா" என்றாள். நல்ல பெண், சிரித்த முகம். ஜம்புலிங்கத்துக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றார். ஊருக்கு வரும் வழியில் மங்கையர்க்கரசி, "ஏன்டா, முதுகையா கட்டிக்கப் போறே? மூஞ்சியப் பார்த்துக் கட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "முதுகு முன்னாடியே வந்துடுச்சே அக்கா" என்றார் அவர்.

இப்படி ஒன்பது வருஷம் போனது. டெலானிபூர் ரோட்டுக்குத் தார் போட்டார்கள், லம்பா லைன் பக்கம் புது வீடுகள் எழுந்தன, வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் வடக்கே காடு வெட்டி நெல் விதைத்தன. ஜம்புலிங்கத்துக்கு ஒரு பிரமோஷன் வந்தது, நெற்றி கொஞ்சம் ஏறியது. அந்தப் பெண் இப்போது என்ன செய்வாள் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லாமல் போனது. மத்தியான வெயில் முதுகில் விழுந்தால், நிழலில் போய் நில்லேன் என்று வாய்விட்டுச் சொல்வார். ஈரக் கூந்தல் வராத வெள்ளிக்கிழமையில் சாப்பிடமாட்டார். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமோ என்ற கவலை வந்தபோது, இல்லை, ஆகியிருந்தால் யாராவது சொறிந்துவிட்டிருப்பார்கள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அவளிடம் போய்ச் சேர வேண்டும், அந்த இடத்தில் ஒரே ஒரு முறை கை வைக்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆசை ஒன்று என்றால் அதன் கனம் ஜாஸ்தி.

1966-ஆம் வருஷம் சித்திரையில் போர்ட் பிளேரில் சொட்டு மழை இல்லை. குழாயில் தண்ணீர் வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. பெண்கள் குடங்களை வரிசை போட்டுவிட்டுச் சண்டைக்குத் தயாராக நிற்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, உலர்ந்த வானத்துக்குக் கீழே, ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கத்தின் முதுகில் மழை கொட்டியது. கனமான மழை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்து இடுப்புவரை ஓடியது. மத்தியானம்வரை அரிப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் அப்படி ஒரு சுகம் அவருக்குக் கிடைத்ததில்லை. மன்னார்குடிப் பக்கம் கோடை மழை பிடித்திருக்கிறது என்று அடுத்த மேஜைக்காரரிடம் சொன்னார். மறுநாள் சாயங்காலம் சாகுல் ஹமீது மாயாபந்தரிலிருந்து வந்து இறங்கினார். கடை வாசலில் மூட்டையைப் பிரித்து, நனைந்த துணிகளைப் பிழிந்து கயிற்றில் போட்டுக்கொண்டே திட்டினார்.

"நேத்து காலைல பத்து மணி இருக்கும் ஓய், விக்காத மூட்டைய ஏத்துறோம், வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. மாயாபந்தர்ல மட்டும்தான். லாங் ஐலண்ட் தாண்டினா ஒரு சொட்டு கிடையாது, ஏக்தம் சூக்கா. மழைக்கு நம்ம துணி மேல என்ன பகையோ அல்லாவுக்குத்தான் தெரியும்."

ஜம்புலிங்கம் ஈர மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மழைக்காலத்தில் வழக்கமாக முதுகு குளிரும்போதெல்லாம் போர்ட் பிளேரிலும் மழை இருந்ததால் அவர் அதைத் தன் மழை என்றே நினைத்திருந்தார். இப்போது ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தெளிந்தது. கப்பலில் போகப் போக அரிப்பு மங்கியது அவர் விலகிப் போனதால். திரும்பும்போது ஏறியது நெருங்கி வந்ததால். அடுப்புக்குப் பக்கத்தில் போனால்தான் சுடும், இதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. மதராஸ் வரைக்கும் போய்ப் போய்த் தேடினாரே, அந்த முதுகு படகில் ஒரு பகலும் ஓர் இரவும் போனால் எட்டுகிற இடத்தில் அத்தனை நாளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. "ஒன்பது வருஷம் எதிர்த் திசையில போயிட்டேனே பாய்" என்றார். சாகுல் ஹமீது கையிலிருந்த துணியைப் பிழியாமலே கயிற்றில் போட்டார். மெயின்லேண்டுக்குப் போகச் சொன்னவர் அவர்தானே. பிறகு உள்ளே போய், நனையாத மூட்டையிலிருந்து ஒரு சட்டைத் துணியை எடுத்து வந்து, "புதுச் சட்டை தைச்சுப் போட்டுட்டுப் போம். இந்தச் சட்டையெல்லாம் முதுகுல கிழிஞ்சில்ல கிடக்கு" என்றார்.

அடுத்த படகில் அவர் வடக்கே போனார். விடிகிறபோது அரிப்பு அவர் இதுவரை அறியாத அளவுக்கு ஏறிவிட்டது. மேல்தளத்தில் இரும்புத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து வங்காளிக் குழந்தைகள் சிரித்தன. புதுச் சட்டை மாயாபந்தர் ஜெட்டி வருவதற்குள் பழைய சட்டையாகிவிட்டது. அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. அரிப்பு அதிகமான பக்கம் நடந்தார், குறைந்தால் திரும்பினார். மேட்டில் ஏறி, மரத்தடிகள் அடுக்கியிருந்த முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, படாக் நாற்று வளர்க்கிற சர்க்கார் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். பெண்கள் வரிசையாகக் குனிந்து பூவாளியால் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தனை முதுகுகள். எந்தப் பெண்ணிடம் போய் என்ன கேட்பது? சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிற ஒரு மனிதன், தெரியாத ஊரில், பெண்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன கிடைக்குமோ அது கிடைத்துவிடும் என்று அவருக்குப் பயம் வந்தது. பயத்தில் கை தானாகப் பின்னால் போனது, அவருக்குத் தெரியாது. கடைசி வரிசையில் ஒரு பெண் பூவாளியைக் கீழே வைத்தாள். தன் விரல்களைத் தூக்கிப் பார்த்தாள். நகங்களுக்கு அடியில் புது ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து, வேலிக்கு வெளியே நிற்கிறவரையும் அவருடைய கை போயிருக்கிற இடத்தையும் பார்த்தாள்.

"அரே, கைய எடுங்க ஜி" என்று கத்தினாள். "விடியிறதுக்கு முன்னாலேருந்து கழுவுறேன். இன்னைக்கு மட்டும் எத்தனை பானி!"

ஜம்புலிங்கம் கையை எடுத்து நகங்களைப் பார்த்தார். ரத்தம் வரும்வரை சொறிந்த கை, ஆனால் நகங்கள் சுத்தமாக இருந்தன. அவர் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

அவள் பெயர் பொன்னம்மா. அப்பா சண்முகம் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மர காண்ட்ராக்டர் ஒருவரோடு வந்தவர். உருண்டு வந்த தடி ஒன்று இடுப்பில் ஏறியதிலிருந்து படுக்கையில் இருந்தார். பதினாறு வயதில் பொன்னம்மாவின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படை வந்தது, தடித்துச் சிவந்து பக்கு உதிர்கிற படை. ஆனால் அவளுக்கு அரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர், "குஜ்லி நஹி ஹோதா?", அரிப்பே இல்லையா, என்று திரும்பத் திரும்பக் கேட்டார்; குஜ்லி என்றால் என்ன என்று அவள் திருப்பிக் கேட்டாள். மணல்பூச்சி கடித்துக்கூட அவளுக்கு அரித்தது கிடையாது. அதே மாதத்திலிருந்து காலையில் எழுந்தால் நகங்களில் யாரோ ஒருவருடைய தோலும் ரத்தமும் இருந்தன. பண்ணையில் யாரும் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு பேர் காபி டம்ளரை நீட்டிய விரல்களைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். இதையெல்லாம் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கோபமாகச் சொன்னாள். ஜம்புலிங்கம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆம்பள தோலுன்னு தெரியும், சில நாள் கற்பூர வாசன அடிக்கும்" என்றாள் கடைசியில், குரல் இறங்கி. "ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ரெண்டு மாசம் நகம் சுத்தமா இருக்கும். அப்பத்தான் எனக்குப் பயமா இருக்கும். செத்துகித்துப் போயிட்டாரோன்னு."

"லீவுல போயிருப்பேன்" என்றார் ஜம்புலிங்கம். "உன்னத் தேடித்தான்."

அன்று சாயங்காலம் சண்முகத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் பார்த்திருக்கவே, பொன்னம்மாவின் முதுகில் ரவிக்கைக்கு மேலாக ஜம்புலிங்கம் விரல்களை வைத்து மெதுவாகச் சொறிந்தார். அவருக்குக் கண் சொருகியது, வாய் திறந்தது, கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பொன்னம்மா கூச்சமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். சண்முகம் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "ஒம்போது வருஷமாச் சொறிஞ்சிருக்காரு, இனிமே யாருன்னு விசாரிக்கவா?" என்றார். ஆவணியில் மாயாபந்தரிலேயே கல்யாணம் நடந்தது. சாகுல் ஹமீது கூறைப்புடவை கொண்டுவந்தார், நனையாமல்.

ஆனால் அப்பாவை விட்டு அவளால் வர முடியாது, போர்ட் பிளேர் ஸ்டோரை விட்டு அவரால் போக முடியாது. அவர் கிரேடுக்கு மாயாபந்தரில் வேலை இல்லை. மாதத்தில் ஒருமுறை படகு இடம் கொடுத்தால் போவார், இரண்டு நாள் இருப்பார், அந்த இரண்டு நாளும் அவருடைய முதுகு ஓய்வெடுக்கும். மற்ற நாட்களில் இருவரும் பழையபடி இருந்தார்கள், ஆனால் இப்போது தெரிந்தே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவள் வேண்டுமென்றே கூந்தலைத் துவட்டாமல் தொங்கவிட்டாள். சாப்பிட்டதும் ஈரத் துணியை முதுகில் போட்டுக்கொள்வாள்; டெலானிபூரில் ஜம்புலிங்கம், சரி, சாப்பிட்டாயிற்று என்று தானும் இலை போடுவார். காலையில் அவள் நகத்தைப் பார்த்து, நேற்று அவர் சரியாகத் தூங்கவில்லை என்று அப்பாவிடம் சொல்வாள். கடிதம் போட்டால் போய்ச் சேர வாரக்கணக்கு ஆன காலத்தில் இது வசதியாகத்தான் இருந்தது. வசதி வேறு, பக்கத்தில் இருப்பது வேறு. ஒவ்வொரு தடவையும் படகு கிளம்பும்போது அவள் திரும்பி நின்றுகொள்வாள். முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டே அவர் போவார்.

1970-இல் ஒரு தடவை அவர் கிணற்றடியில் குளிக்கும்போது பொன்னம்மா அவருடைய முதுகைப் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்தாள். அதற்கு முன் அவர் பனியனைக் கழற்றியதே இல்லை. தழும்பு மேல் தழும்பு, அதற்கு மேல் காயாத புண். அவள் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு ட்யூப் மருந்து வந்திருக்கிறது, ஒரு மாதம் தடவினால் தன் படை போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார் என்றாள். ஜம்புலிங்கம் பதறிப்போனார். "தடவாதே. அது போச்சுன்னா நீ இருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரியாதே" என்றார். அவள் சரி என்றாள். அவர் படகு கண்ணுக்கு மறைந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். புருஷன் பேச்சைக் கேட்கவில்லை என்று அவளைக் குறை சொல்கிறவர்கள் அந்த முதுகைப் பார்த்திருக்க வேண்டும்.

போர்ட் பிளேரில் அரிப்பு நாளுக்கு நாள் தேய்ந்தது. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை நின்றே போனது. மறுநாள் ஈரக் கூந்தல் வரவில்லை. ஜம்புலிங்கத்தின் கை பழக்கத்தில் பின்னால் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. மருந்து தடவமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள், ஆகவே அவள் செத்துவிட்டாள். இதுதான் அவருக்குத் தோன்றியது. தந்தி கொடுத்துக் கேட்கலாமே என்றார் சாகுல் ஹமீது. பதில் வந்துவிடுமே என்று அவர் கொடுக்கவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு முழு இரவு சொறியாமல் தூங்க வாய்ப்பிருந்தும் அவர் தூங்கவில்லை. தன் உடம்பு இவ்வளவு காலியானது என்று அவருக்கு இதுவரை தெரியாது. புயல் கொடி ஏற்றியிருந்ததால் பத்து நாள் படகு இல்லை. அந்தப் பத்து நாளில் அவர் மேலதிகாரியிடம் போய், பிரமோஷன் வேண்டாம், பழைய கிரேடே போதும், மாயாபந்தர் ஸ்டோரில் ஒரு மூலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். செத்தவள் ஊரில் போய் என்ன செய்வீர் என்று சாகுல் ஹமீது கேட்கவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

படகு மாயாபந்தர் ஜெட்டியை அணைந்தபோது வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. மேல்தளத்தில் நின்ற ஜம்புலிங்கம் ஜெட்டியைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த பொன்னம்மா பலகை போடுவதற்கு முன்பே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான பெண் புருஷனைப் பெயர் சொல்லி நடு ஜெட்டியில் கத்தியதை அன்று எல்லாரும் கேட்டார்கள். அவர் இறங்கி வந்து அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். படை போன முதுகு வழுவழுவென்று இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று திட்ட வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவள் மெலிந்திருந்தாள்.

"எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க" என்றாள் அவள். "என் நகத்துல உங்க ரத்தமே வரல. ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் முதுகுல ஒண்ணு வந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டுனேன், குச் நஹின்னு சொல்லிட்டாரு, ஒண்ணுமே இல்லையாம். வலியும் இல்ல, எரிச்சலும் இல்ல. உக்கார விட மாட்டேங்குது, படுக்க விட மாட்டேங்குது. யாராச்சும் வரணும், வந்தே ஆகணும்ங்கிற மாதிரி இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியல."

ஜம்புலிங்கம் பெட்டியைக் கீழே வைத்தார். "அதுதான்" என்றார். "அதுக்குப் பேருதான் அரிப்பு."

பொன்னம்மா அவருடைய முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இதையா இத்தன வருஷம் வச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

பிறகு அவள் திரும்பி நின்றாள். அவர் கை வைத்தார். அங்கே இல்லை, கொஞ்சம் மேலே, இல்லை, இடது பக்கம் என்று அவள் சொல்லச் சொல்ல விரல்கள் தேடிப் போயின, கிடைத்ததும் அவள் தலை குனிந்துகொண்டாள். இறங்குகிறவர்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். வெங்காய மூட்டை இறக்குகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், இவர்களும் சொறிவதை நிறுத்தாமல் தள்ளி நின்றுகொண்டார்கள்.